காப்பு கட்டிய மறுநாள் வந்த செய்தி

இன்று விடிந்ததும் லாலான் புல் எரிகிற வாடை வீட்டுக்குள் வந்துவிட்டது. லகாட் சாலைக்கு அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கும் புல்லுக்கு யாரோ தீ வைத்திருக்கிறார்கள், அல்லது அதுவாகவே பற்றிக்கொண்டது. துணி காயப்போடப் போனவள் கொடியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். இந்த வாடை வந்தால் நீ மூக்கைச் சுளித்து, "ஆரம்பிச்சிருச்சுலா" என்பாய். அவ்வளவுதான் சொல்வாய். பிறகு போய் மாடுகளை எண்ணுவாய். ஆறு மாடுதான் என்று தெரிந்திருந்தும் எண்ணுவாய்.

நமக்குள் கடிதம் எழுதும் பழக்கமே இருந்ததில்லை. நாலு வீடு தள்ளி இருப்பவளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? பின்வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால் போதும், நீ வந்துவிடுவாய். நீ போய் இரண்டு வருடமாகிறது. இத்தனை நாளும் உன் வீட்டுக்குப் போய் உன் படத்துக்கு முன்னால் உட்காருவேன். உன் மகள் சுகந்தி, "பசியாறிட்டீங்களா சின்னம்மா?" என்று கேட்டுக் கோப்பி கலந்து கொடுப்பாள். உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் போவேன். அவள் பக்கத்தில் இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று கோப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். முந்தாநாள் அதை ஊர் கேட்கச் சொல்லிவிட்டேன். இனி உன் வீட்டுப் படி ஏற எனக்கு முகமில்லை. அதனால்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து கோயில் மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினாளே, அந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். நம் தோட்டம் தோட்டமாக இல்லாமல் போய் எத்தனையோ வருடம். ரப்பர் பால்மரங்களை வெட்டிப் பாதி இடத்தில் எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள், மீதிப் பாதியில் தாமான் என்று புதுக் குடியிருப்பு வீடுகள் வந்தன. நமக்கு மிஞ்சியது மூன்று வரிசை வீடு, ஆத்தா கோயில், எட்டு வீட்டாரின் மாடுகள். ஆண்களும் பெண்களும் ஈப்போ டவுனுக்கு வேலைக்குப் போனார்கள். நானும் ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் உட்கார்ந்தேன். நீ மட்டும் மாட்டை விடவில்லை. உன் பாலுக்கு ஈப்போவில் நாலு சாப்பாட்டுக் கடை காத்திருந்தது.

மழை குறையப் போகிறதா என்பதை மூன்று மாதத்துக்கு முன்பே ஓரளவு சொல்லிவிடலாம் என்றாள் அந்தப் பெண். கடல் சூடாவதை வைத்துக் கணிக்கிறார்களாம். கோயில் தலைவர் பெருமாள் அண்ணே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மழைய ஆத்தாதாம்மா சொல்லணும்" என்றார். நீ பின்னால் இருந்து எழுந்தாய்.

"ஆத்தா சொல்லுவாண்ணே, நமக்குத்தான் கேக்க மாட்டேங்குது. இது போன்ல வரும்லா."

மண்டபமே சிரித்தது. பெருமாள் அண்ணேயும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் விஷயம் முடிவானது. மாதா மாதம் நம் பகுதிக்கு ஒரு தாள் வரும். மழை குறையும் வாய்ப்பு ஒரு அளவைத் தாண்டினால் அந்தத் தாளில் சிவப்புக் கட்டம் இருக்கும். சிவப்பு வந்துவிட்டால் கூட்டம் போடக்கூடாது, வாதாடக்கூடாது, அண்ணாந்து வானத்தைப் பார்க்கக்கூடாது. ஏழு நாளுக்குள் இரண்டு வேலை. பாகான் செராய் வயல்களிலிருந்து வைக்கோல் வந்து இறங்க வேண்டும். மாடுகள் லோரி ஏறி ஆயர் தாவாரில் என் அண்ணனுடைய செம்பனை நிலத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே மரத்தடியில் புல் இருக்கும், எந்த வெயிலுக்கும் வற்றாத கால்வாய் ஒன்று இருக்கும். "தாகம் எடுத்தப்புறம் கெணறு வெட்டுற வேல நமக்கு வேணாம்" என்றாய் நீ. அந்தப் பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்தத் தாள் வருவது என் போனுக்கு. குடியிருப்புக் குழுவின் செயலாளர் நான்தானே. வந்ததும் அதை ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குத் தள்ளிவிட வேண்டும். கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் என் பொறுப்பு முடிந்தது.

முதல் வருடமே சிவப்பு வந்தது. நான் தட்டினேன். நீ ஓடியாடி எட்டு வீட்டையும் கிளப்பினாய். வைக்கோல் வந்தது, மாடுகள் போயின. மாடுகள் போன பத்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அது சும்மா மழை இல்லை, மூன்று வாரத்துக்கு விட்டு விட்டுக் கொட்டிய மழை. வைக்கோல் போரில் காளான் முளைத்தது. அந்தக் காளானைப் பறித்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டவர்கள்தான் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். உனக்கு 'வானிலை இலாகா' என்று பேர் வைத்தார்கள். ஆயர் தாவாரிலிருந்து திரும்பி வந்த மாடுகள் பால் மடக்கிக்கொண்டன. அதற்கும் நீதான் பேச்சு வாங்கினாய்.

நானும் சிரித்தேன். அதை நான் மறைக்கவில்லை. மண்டபத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில், பந்தி பரிமாறிக்கொண்டிருந்தபோது, "மழை வேணும்னா இவள விட்டு வறட்சி வரும்னு சொல்லச் சொல்லுங்க, கொட்டிரும்" என்றேன். இரண்டு வரிசை இலையும் குலுங்கிச் சிரித்தது. சாம்பார் வாளியோடு நின்ற நீயும் சிரித்தாய். உன் கண் மட்டும் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வேறு பக்கம் போனது. சாயங்காலம் என் பின்வாசலுக்கு வந்து, "பத்துக்கு மூணு தரம் தப்பா வரும்னு அந்தப் பொண்ணு அன்னிக்கே சொல்லிருச்சு. தப்பு மொதல்லயே வந்துட்டா நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு கூட்டங்களில் நீ பின்வரிசையில், கதவோரமாக உட்கார ஆரம்பித்தாய். வாய்க்கு வாய் பதில் வைத்திருந்தவள் வாயைக் கட்டிக்கொண்டாய். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை இவளை யாரும் சிரிக்க விடக்கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்தேன். பெரிய தோழி நான்.

அடுத்த வருடம் மாசித் திருவிழாவுக்குக் காப்பு கட்டினார்கள். அந்தக் கட்டுப்பாட்டை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன், எனக்கே ஒரு தெளிவு வரட்டும் என்று. காப்பு கட்டி எல்லை போட்டுவிட்டால் தீமிதி முடியும்வரை பதினைந்து நாள் ஊர்க்காரர் யாரும் வெளியே இரவு தங்கக்கூடாது. ஆடு மாடும் எல்லை தாண்டிப் போய்த் தங்கக்கூடாது. வேலைக்குப் போகிறவர்கள் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். நைட் ஷிப்ட் போகிறவர்களுக்கு மட்டும் பெருமாள் அண்ணே ஒரு வழி வைத்திருந்தார். சட்டைப் பையில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகிவிட்டு, "ஆத்தா கூட வருவா, போய்ட்டு வாடா" என்பார்.

காப்பு கட்டிய மறுநாள் காலையில் தாள் வந்தது. கிளினிக்கில் ஒரு கிழவருக்கு நம்பர் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேசைக்குக் கீழே போனைத் திறந்து பார்த்தேன். சிவப்பு.

என் கட்டைவிரல் அந்தக் குறிக்கு மேலே நின்றது. அந்த நிமிடத்தை இந்த இரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. இதை இப்போது அனுப்பினால் நீ உடனே லோரிக்குச் சொல்வாய். காப்பு கட்டிய ஊரிலிருந்து மாட்டை வெளியே கொண்டுபோகிறாள் என்று ஊரே உன் மேல் பாயும். போன வருடம் சிரித்தார்கள், இந்த வருடம் சாபமே விடுவார்கள். அதற்கு மேல் மழையும் பெய்துவிட்டால்? பதினைந்து நாள்தானே, தீமிதி முடியட்டும் என்று போனை மூடிவிட்டேன். அடுத்த நோயாளியின் பேரைக் கேட்டேன். அவ்வளவு சாதாரணமாக நடந்தது அது. எனக்கு இன்னும் அதிர்ச்சியாக இருப்பது அதுதான். ஒரு கெட்ட காரியம் செய்கிறோம் என்று கை நடுங்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை, மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்கூட.

அன்று சாயங்காலம் நீ பால் கேனைக் கழுவிக்கொண்டே கேட்டாய்.

"மாசம் பொறந்துருச்சே, தாள் வந்துச்சாடி?"

"இன்னும் இல்ல."

நாற்பது வருடப் பழக்கத்தில் உன்னிடம் நான் சொன்ன முதல் பொய் என்று சொல்ல ஆசைதான். முதல் பொய் இல்லை. சின்ன வயதில் உன் இலந்தை வடையைத் தின்றுவிட்டுப் பூனை மேல் பழி போட்டவள் நான். ஆனால் அந்தப் பொய்களை எல்லாம் நீ கண்டுபிடித்துவிடுவாய். இதை நீ கண்டுபிடிக்கவில்லை. "அப்ப சரி" என்று கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாய்.

தீமிதி அன்றைக்குச் சாயங்காலம், கடைசி ஆள் குழியைத் தாண்டியதும் மழை வந்தது. இருபது நிமிடம் இருக்கும். ஆத்தா மனம் குளிர்ந்துவிட்டாள் என்று ஜனம் நனைந்துகொண்டே கும்பிட்டது. என்னைவிடச் சந்தோஷமாக அந்த மழையில் யாரும் நனைந்திருக்க மாட்டார்கள். தாள் மறுபடியும் தப்பாகிவிட்டது, நல்லவேளை அனுப்பாமல் இருந்தேன், உன் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூட விழவில்லை.

பங்குனியில் அடுத்த தாள் வந்தது. சிவப்புக் கட்டம் முன்னதைவிடப் பெரிதாக இருந்தது. அப்போது காப்பு இல்லை, எல்லை இல்லை, எந்தத் தடையும் இல்லை. அதையும் நான் அனுப்பவில்லை. அனுப்பினால், போன மாதத்துத் தாள் எங்கே என்று நீ கேட்பாயே. ஒரு நாள் மறைத்ததைச் சொல்வதற்கு ஒரு மடங்கு வெட்கம், ஒரு மாதம் மறைத்ததைச் சொல்வதற்கு முப்பது மடங்கு. முதல் மாதம் உன் மானத்துக்காக மறைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது மாதம் முழுக்க முழுக்க என் மானத்துக்காக.

அந்தத் தாள் வருவதற்கு முன்பு நம் ஆட்கள் ஓடையைப் பார்ப்பார்கள், புல்லைப் பார்ப்பார்கள், எறும்பைப் பார்ப்பார்கள், எதையாவது பார்த்துப் பயப்படுவார்கள். இப்போது யாரும் எதையும் பார்க்கவில்லை. ஓடை சுருங்கியதும், "தாள் ஒன்னும் சொல்லலியே, வந்துரும் மழ" என்றார்கள். எச்சரிக்கை வரவில்லை என்பதே நல்ல சேதியாகிவிட்டது. சிரித்தவர்கள்கூட உள்ளுக்குள் அதை நம்பியிருக்கிறார்கள். அதை வாய்விட்டுச் சொல்லாமல் உன்னைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

சித்திரை பிறந்தபோது, அந்த மாதத் தாள் வருவதற்கு முன்பே, ஓடை வெறும் மணலாகிவிட்டது. குழாயில் தண்ணீர் நூலாக வந்தது, வீட்டுக்கே போதவில்லை. நீ மாடுகளை ஈயம் தோண்டி விட்டுப்போன அந்தப் பழைய குட்டைக்கு ஓட்டிப் போக ஆரம்பித்தாய். கடைசியாக உன்னைப் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வேலைக்குக் காடியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நீ மாடுகளோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தாய். நான் நிறுத்தினேன். மாடுகளின் விலா எலும்பு எண்ணிவிடலாம் போலத் தெரிந்தது. நீ கண்ணாடிக்குள் குனிந்தாய்.

"என்னாடி இது, இந்த மாசமும் தாள் வரலியா? அந்தப் பொண்ணு நம்மள மறந்துருச்சா?"

"தெரியல. கேட்டுப் பாக்கிறேன்."

"வந்தா நீ சொல்லாமயா இருப்ப" என்று நீயே பதில் சொல்லிக்கொண்டு, காடியின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டி என்னை அனுப்பி வைத்தாய்.

பதினொரு மணிக்குப் பெருமாள் அண்ணே போன் செய்தார். "தங்கச்சி, ஈயக்குட்டைக்கு வா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. ஈப்போவிலிருந்து எப்படி ஓட்டி வந்தேன் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் வற்றி உள்ளே போயிருந்தது. சுற்றிலும் வெள்ளைச் சேறு மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, நடக்கலாம் போலத் தெரிந்தது. கீழே எல்லாம் கூழ். உன் சிவப்பு மாடு தண்ணீரைத் தேடி உள்ளே போய்ப் புதைந்திருக்கிறது. நீ கயிற்றோடு அதன் பின்னால் போயிருக்கிறாய். மாட்டை ஐந்து பேர் இழுத்துக் கரை சேர்த்துவிட்டார்கள். உன்னைத் தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்துதான் எடுக்க முடிந்தது. உன்னைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். தலைமுடியிலும் காதிலும் வெள்ளைச் சேறு. பத்தடி தள்ளி அந்த மாடு நின்று காய்ந்த லாலானை மென்றுகொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. 'காலையில் கண்ணாடிக்குள் குனிந்தாளே, காலையில்தானே குனிந்தாள்' என்று அது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் காது அடைத்துவிட்டது. சுகந்தி வாயைத் திறந்து கத்துவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

உன் சாவு வீட்டில் எல்லாரும் என்னைத்தான் தேற்றினார்கள். கூடப்பிறந்தவள் மாதிரி இருந்தாளே என்று பெண்கள் என் தலையைத் தடவிக் கொடுத்தார்கள். "அந்தத் தாள நம்பி இருந்துச்சு பாவம், அதுவும் கடைசி நேரத்துல கைய விட்ருச்சு" என்று பெருமாள் அண்ணே சொன்னபோது சுகந்தி என் மடியில் படுத்திருந்தாள். இரண்டு சிவப்புத் தாளும் என் கைப்பைக்குள் இருந்த போனில் இருந்தன. அந்த இடத்தில் வாய் திறக்காதவளுக்கு அதற்குப் பிறகு எங்கே வாய் திறக்கும்? மாதா மாதம் தாள் வந்தது, சிவப்பு இல்லை, நானும் குழுவுக்குத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. உன் ஆறு மாட்டையும் சுகந்தி வளர்க்கிறாள். அந்தச் சிவப்பு மாட்டையும் அவள் விற்கவில்லை.

இந்தத் தை மாதம் மறுபடியும் சிவப்பு வந்தது. வந்த நிமிடமே அனுப்பிவிட்டேன். ஒருவரும் அசையவில்லை. காப்புக்கு ஐந்து நாள் இருந்தது. சுகந்தி மாடுகளை மறுபடியும் ஈயக்குட்டைப் பக்கம் ஓட்டுவதைப் பார்த்தேன். பெருமாள் அண்ணே வீட்டு வாசலில் போய் நின்று, கூட்டம் கூட்டுங்கள் என்று அடம் பிடித்தேன். அவர் கூட்டினார்.

"இந்தத் தாள் கதையே வேணாம் தங்கச்சி" என்றார் அவர், எடுத்த எடுப்பிலேயே. "மொதத் தடவ வறட்சின்னுச்சு, மழ கொட்டுச்சு. அடுத்த தடவ நெசமாவே காஞ்சப்ப ஒரு வார்த்த சொல்லல. ஒரு உசுரு போச்சு. மறுபடியும் இத நம்பி மாட்ட லோரில ஏத்தணுமா?"

எட்டு வீட்டாரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் என்ன தப்பு? அவர்களுக்குத் தெரிந்த வரைக்கும் அதுதானே உண்மை. அந்தத் தாளை அவர்கள் நம்ப வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருந்தது. நான் எழுந்து நின்றேன். கதவோரமாக, நீ உட்காரும் இடத்தில் சுகந்தி உட்கார்ந்திருந்தாள்.

"தாள் வந்துச்சுண்ணே. அந்த வருஷமும் வந்துச்சு. நாந்தான் அனுப்பல."

யாருக்கும் முதலில் புரியவில்லை. பெருமாள் அண்ணே, "என்னா சொல்ற?" என்றார். நான் போனைத் திறந்து மேசையில் வைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"காப்பு கட்டின மறுநாள் வந்துச்சு. மாட்ட வெளிய கொண்டு போகக் கூடாதேன்னு... அவள மறுபடி எல்லாரும் பேசுவாங்களேன்னு..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்குத் திட்டு விழும், ஏன் அடிகூட விழும் என்று காத்திருந்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா. மாட்டுக் கொம்புல வேப்பிலையக் கட்டி அனுப்பி வச்சிருப்பேனே."

அடியே, வேப்பிலை. கோயில் வாசலிலேயே மரம் நிற்கிறது. நைட் ஷிப்ட்காரன் பையில் அவர் செருகுவதை வருடா வருடம் பார்த்தவள் நான். மாட்டுக்கும் அது செல்லும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆத்தாவின் கட்டுப்பாடு என்று நானே ஒரு சுவரைக் கட்டிக்கொண்டு, அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சுவர் அங்கே இருக்கிறதா என்று கையை நீட்டித் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

சுகந்தி எழுந்து வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கணக்கு வாத்தியார் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அம்மா உங்ககிட்ட கேட்டாங்களா?"

"கேட்டா. ரெண்டு தரம்."

"காப்பு அவுத்தப்புறம் ஏன் சொல்லல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் தப்பித்திருக்கலாம், அழுதாலே போதும், யாராவது அணைத்துக்கொண்டிருப்பார்கள். நான் போனில் இரண்டாவது தாளைத் தள்ளிக் காட்டினேன்.

"பங்குனியிலயும் வந்துச்சு. அப்ப எனக்கு வெக்கமா இருந்துச்சு. அவ்ளோதான். வேற காரணம் இல்ல."

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்குக் கோபம் வந்தால் மேலுதட்டை உள்ளே இழுத்துக் கடிப்பாயே, அதே மாதிரி கடித்தாள். பிறகு பெருமாள் அண்ணே பக்கம் திரும்பி, "மாமா, லோரிக்குச் சொல்லுங்க. நாளைக்கே வரட்டும்" என்றாள். உன் பெண்ணுக்கு எதிரே பேச அன்றைக்கு யாருக்கு வாய் வரும்?

நேற்று விடியற்காலையில் லோரி வந்தது. பாகான் செராய்க்கு வைக்கோலுக்கும் ஆள் போயிற்று. மாடுகளை ஏற்றும்போது நான் தூரமாக, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். காப்புக்கு இன்னும் நாளிருந்தும் பெருமாள் அண்ணே ஒவ்வொரு மாட்டின் கொம்பிலும் வேப்பிலை கட்டினார். என்னைப் பார்க்காமலே கட்டினார். உன் சிவப்பு மாடு மட்டும் பலகையில் கால் வைக்க மறுத்தது. சுகந்தி அதன் காதில் ஏதோ சொல்லித் தட்டிக்கொடுத்து ஏற்றினாள். லோரி கிளம்பியதும் அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு என் நம்பரையும் குடுங்க. இனிமே தாள் ரெண்டு பேருக்கும் வரட்டும். ஒருத்தங்க மறச்சாலும் இன்னொருத்தங்க சொல்லலாம்."

"சரிம்மா" என்றேன்.

சின்னம்மா என்று அவள் கூப்பிடவில்லை. மன்னித்துவிட்டேன் என்றோ மன்னிக்க மாட்டேன் என்றோ சொல்லவும் இல்லை. நம்பர் கொடுத்தாயிற்றா என்று சாயங்காலம் ஒரு வரி அனுப்பினாள். கொடுத்துவிட்டேன் என்று பதில் போட்டேன்.

இந்தத் தடவை மழை வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. நாளைக்கே கொட்டினாலும் கொட்டும். இன்னொரு வைக்கோல் போர் மக்கி, இன்னொரு தடவை ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். சிரிப்பை வாங்கிக்கொள்வது என் வேலை என்று ஏற்றுக்கொண்டுவிட்டேன். உனக்கு வரக்கூடாது என்று நான் பயந்த அந்தச் சிரிப்பை நீ சாம்பார் வாளியோடு நின்று ஒரு நிமிடத்தில் விழுங்கிவிட்டாய். உன்னால் அது முடியும் என்று நான் நம்பவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, உன்னை ஒரு சின்னப் பிள்ளையாக்கி, உன் மாடு, உன் குட்டை, உன் உயிர் எல்லாவற்றுக்கும் நானே முடிவெடுத்துவிட்டேன். இரண்டு வருடமாக மனதில் கிடப்பது வருத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். வருத்தம் இல்லை, திகைப்பு. என்னைப் பார்த்தே எனக்குத் திகைப்பு. பல் விளக்கும்போதும் பேருந்துக்கு வழி விடும்போதும் அது கூடவே வருகிறது. அதை இறக்கி வைக்க வேண்டும் என்று இனி எனக்கு ஆசையில்லை. அது கூட இருந்தால்தான் அடுத்த தடவை கட்டைவிரல் நிற்காது.

சற்று முன் அண்ணன் ஆயர் தாவாரிலிருந்து பேசினான். நேற்று ஏற்றிய மாடுகள் எல்லாம் நன்றாக இருக்கின்றனவாம். போய் இறங்கியதும் கால்வாயில் இறங்கித் தண்ணீர் குடித்ததாம் உன் சிவப்பு மாடு. முதல் வருடம் அவற்றோடு லோரியில் போய் இரண்டு நாள் தங்கிப் பழக்கிவிட்டு வந்தவள் நீதான். நான் தட்டியிருந்தால் அந்த மாசியிலும் நீதான் போயிருப்பாய், கொம்பில் வேப்பிலை கட்டிய ஆறு மாட்டோடும், முன் இருக்கையில், டிரைவரிடம் வாயடித்துக்கொண்டு.